மைக்கில் வராத வார்த்தை

மைக்கை அணைத்த பிறகுதான் அவளுக்கு உண்மையான வேலை ஆரம்பிக்கும்.

அந்த ரயில் நிலையத்தில் அறிவிப்புச் செய்பவள் அவள். வழக்கமான வண்டிகளை இயந்திரமே சொல்லிவிடும். வண்டி தாமதம், நடைமேடை மாற்றம், காணாமல் போன குழந்தை என்று இயந்திரத்துக்குத் தெரியாத சங்கதிகளையெல்லாம் அவள் சொல்ல வேண்டும். மேம்பாலப் படிக்கட்டின் உச்சியில் கண்ணாடி போட்ட சின்ன அறை. ஒரு மேசை, ஒரு உள் தொலைபேசி, ஒரு மைக். மைக்கின் அடியில் பொத்தான், பக்கத்தில் சிவப்பு விளக்கு. பொத்தானைத் தட்டினால் விளக்கு எரியும், பேசலாம். மறுபடி தட்டினால் அணையும். இதில் குழம்புவதற்கு ஒன்றுமில்லை என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

அவளுடைய குரல் கணீரென்று இருக்கும். நிலையத்தில் எல்லோரும் அவளை மைக்கக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த மைக்கக்கா, அறிவிப்பு முடிந்ததும் பொத்தானைத் தட்டிவிட்டு சிவப்பு விளக்கையே உற்றுப் பார்ப்பாள். அது அணைந்துதான் இருக்கும். ஆனால் அணைந்த விளக்கை எவ்வளவு நேரம் பார்த்தால் அது அணைந்திருக்கிறது என்று நம்பலாம்? பார்த்துப் பார்த்துக் கண்ணில் நீர் வந்ததும், கீழே விசாரணைக் கவுண்டரில் இருப்பவளைத் தொலைபேசியில் கூப்பிடுவாள்.

"இப்போ நான் என்ன சொன்னேன்?"

"வண்டி லேட்டுன்னு சொன்னீங்க."

"அப்புறம்?"

"சிரமத்துக்கு வருந்துகிறோம்னு சொன்னீங்க."

"அதுக்கு அப்புறம்?"

"அதுக்கு அப்புறம் போனைப் போட்டு என் உயிரை வாங்குறீங்க. இங்க கூட்டம் நிக்குது, மைக்கக்கா. வெச்சிடட்டுமா?"

விசாரணைக்காரி நல்லவள், பொய் சொல்ல மாட்டாள். ஆனாலும் கூட்டத்தின் இரைச்சலில் ஒரு வார்த்தை அவள் காதில் விழாமல் போயிருக்கலாமே. அதனால் மைக்கக்கா தன் கைபேசியை ஜன்னல் விளிம்பில் வைத்து ஒவ்வொரு அறிவிப்பையும் பதிவு செய்தாள். அதை உடனே போட்டுக் கேட்பாள். கேட்டு முடித்ததும், நடுவில் ஒரு நொடி கவனம் சிதறியதோ என்று தோன்றும். மறுபடி கேட்பாள்.

இத்தனையும் ஒரே ஒரு வார்த்தைக்காக.

அது அச்சில் போட முடியாத வார்த்தை. பள்ளிக்கூடத்துப் பிள்ளையாக இருந்தபோது, தெருவில் இரண்டு லாரிக்காரர்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டபோது காதில் விழுந்தது. அவள் வாயால் அதை ஒருநாளும் சொன்னதில்லை. அது தனக்குள் இருப்பதே அவளுக்குத் தெரியாது. ஒருநாள் குழந்தையைத் தொலைத்த ஒரு தாய் அவள் பக்கத்தில் நின்று அழுதுகொண்டிருந்தாள். குழந்தையின் சட்டை நிறத்தை அவள் மைக்கில் சொல்லிக்கொண்டிருந்தபோது, சம்பந்தா சம்பந்தமில்லாமல் அந்த வார்த்தை நாக்கின் நுனிக்கு வந்து நின்றது. வெளியே வரவில்லை. குழந்தையும் கிடைத்துவிட்டது, தாய் கையைப் பிடித்து நன்றி சொல்லிவிட்டுப் போனாள். அவளுக்கு மட்டும் அது மனசை விட்டுப் போகவில்லை. ஒரு தாய் அழும்போது இப்படி ஒரு வார்த்தை வருகிறதென்றால் நான் எப்படிப்பட்ட பிறவி?

வரக்கூடாது, வரக்கூடாது என்று அதை விரட்டினாள். அது அதையே அழைப்பாக எடுத்துக்கொண்டதோ என்னவோ, பொத்தானைத் தட்டும்போதெல்லாம் வர ஆரம்பித்தது. நாக்கைக் கட்டிப்போட வாயில் மிட்டாய் போட்டுக்கொண்டு பேசிப் பார்த்தாள். ரயில் நிலையம் முழுக்க ‘நழைமேழை’ என்று கேட்டது. அதை விட்டாள். எந்நேரமும் கடைவாய்ப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்ததில் தாடை வலி வந்தது.

வீட்டிலும் இதே கூத்துதான். அவள் புருஷனுக்கு மூக்குக் கண்ணாடிக் கடை. காலையிலிருந்து சாயங்காலம் வரை வருகிறவர்களின் கண்ணில் வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு, "இப்போ தெளிவா இருக்கா? இப்போ?" என்று கேட்டுக்கொண்டிருப்பவர். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றுவதற்குள் அவள் கைபேசியோடு வந்து நிற்பாள்.

"ஏங்க, இதை மட்டும் கொஞ்சம் கேளுங்க. 'வருந்துகிறோம்'க்கு அப்புறம் ஒரு சத்தம் வருதே, அது நானா?"

"அது காக்கா."

"நல்லா கேட்டீங்களா?"

"காக்காம்மா அது. கா-ன்னு கத்துது பாரு."

"அதுக்கு முன்னால?"

அவர் பெருமூச்சு விட்டுவிட்டு மறுபடி கேட்பார். இல்லை என்று சொன்னால்தான் தட்டில் சோறு விழும் என்று அவருக்குத் தெரியும். அதனால் கேட்காமலேயே இல்லை என்று சொல்லப் பழகியிருந்தார். அவள் அதையும் கண்டுபிடித்துவிட்டாள். அதற்குப் பிறகு அவர் ‘இல்லை’ சொல்லும்போது அவருடைய முகத்தைக் கவனிக்கும் வேலையும் சேர்ந்துகொண்டது.

"அம்மா, எனக்கு உன் அறிவிப்பெல்லாம் மனப்பாடம் ஆயிடுச்சு. பாடத்துல ஒரு வரி ஏற மாட்டேங்குது," என்றாள் கல்லூரிக்குப் போகும் மகள்.

"உனக்கென்ன, நீ பேசுவே. வேலை போனா தெரியும்."

வேலை போகும்படியான காரியம் ஒருநாள் நடக்கத்தான் செய்தது. ஆனால் அந்த வார்த்தையால் நடக்கவில்லை.

அன்று காலை நெரிசல் நேரம். வண்டி ஒன்று வழக்கமான நடைமேடைக்குப் பதிலாக எதிர்ப்புறம் வரப்போவதாகச் சிக்னல் அறையிலிருந்து தொலைபேசியில் சொன்னார்கள். "சரி, சொல்லிடுறேன்," என்று வைத்தாள். அப்போது அவள் காதில் முந்தைய அறிவிப்பின் பதிவு ஓடிக்கொண்டிருந்தது. அதைக் கேட்டு முடித்துவிட்டு இதைச் சொல்லலாம் என்று நினைத்தாள். நடுவில் யாரோ இருமியதில் ஒரு இடம் தெளிவாக இல்லை. பின்னால் தள்ளி மறுபடி கேட்டாள். தலையைத் தூக்கியபோது வண்டி எதிர்ப்புறம் வந்து நின்றுகொண்டிருந்தது.

ஜனங்கள் மேம்பாலத்தில் முட்டி மோதிக்கொண்டு ஓடினார்கள். பெட்டி ஒன்று படிக்கட்டில் உருண்டது. காலில் மாவுக்கட்டு போட்டிருந்த ஒரு பெண் மட்டும் ஓட முடியாமல், புருஷனின் தோளைப் பிடித்துக்கொண்டு, கண்ணெதிரே வண்டி புறப்பட்டுப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். புருஷன் நிமிர்ந்து கண்ணாடி அறையைப் பார்த்து ஏதோ கத்தினான். கண்ணாடி வழியாக ஒன்றும் கேட்கவில்லை. கேட்கவும் வேண்டியிருக்கவில்லை.

நிலைய அதிகாரி படியேறி வந்தார். ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர், முழங்கால் வலிக்காரர். ஏறி வந்த கோபமும் சேர்ந்திருந்தது.

"என்னம்மா பண்ணிட்டிருந்தீங்க? தூங்கினீங்களா?"

"இல்ல சார்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

பொய் சொல்லத் தெம்பில்லாமல் அவள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டார். கேட்கக் கேட்க அவர் முகத்தில் கோபம் போய்க் குழப்பம் வந்தது.

"அப்படி என்ன வார்த்தை அது?"

"சொல்ல முடியாது சார்."

"மைக் அணைஞ்சுதான் இருக்கு. சொல்லுங்க."

"மாட்டேன் சார்."

அவருக்குப் பொறுமை போயிற்று. தனக்குத் தெரிந்த ஒரு கெட்ட வார்த்தையைச் சொல்லி, "இதுவா?" என்றார். அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள். இன்னொன்றைச் சொன்னார். அதுவும் இல்லை. சட்டைப் பொத்தானைக் கழுத்து வரை போட்டிருக்கும் அந்த மனிதர், ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, பாட்டு ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார். ஒரு வார்த்தைக்கு அவள் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள்.

"இதுக்கா?" என்றார் அவர். "ஏம்மா, இதைச் சரக்குக் கொட்டாயில மூச்சுக்கு ஒரு தரம் சொல்றாங்க. அங்க ஒருத்தருக்குப் பேரே இதுதான்."

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அழுகைதான் ஜெயித்தது. அவர் எழுந்தார்.

"டாக்டரைப் போய்ப் பாருங்க. லீவு எடுத்துக்கோங்க. டாக்டர் சரின்னு சொன்னப்புறம் மைக் பக்கம் வாங்க. அந்தக் கால்ல கட்டுப் போட்ட பொண்ணை அடுத்த வண்டியில நான் ஏத்தி விடுறேன்."

டாக்டர் சின்ன வயதுப் பெண். ஜலதோஷம் வேறு, மூக்கை உறிஞ்சிக்கொண்டே பேசினாள். இதற்கு ஓ.சி.டி. என்று பேர், இது நிறையப் பேருக்கு இருக்கிறது, வேண்டாத எண்ணம் வருவது ஒரு பாதி, அதைச் சரிபார்த்துச் சரிபார்த்து மாய்வது மறுபாதி என்றாள். அந்த எண்ணம் வருவதால் அவள் கெட்டவள் ஆகிவிட மாட்டாள் என்றும் சொன்னாள். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

"அப்போ நான் மைக்கில அதைச் சொல்லவே மாட்டேன்தானே, டாக்டர்?"

"அதை என்னால உறுதியா சொல்ல முடியாது."

"சொல்ல முடியாதா?"

"யாராலயும் முடியாது. நானும் இப்போ உங்ககிட்ட ஏதாவது உளறிடலாம். இன்னும் உளறல."

அவளுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. அந்த ஒரு உறுதிமொழியை வாங்கத்தானே அரை நாள் காத்துக் கிடந்தாள். அதைக் கொடுக்காமல் டாக்டர் மாத்திரை எழுதினாள். மாத்திரை வேலை செய்யச் சில வாரம் ஆகும் என்றாள். பதிவு செய்யக் கூடாது, விளக்கைப் பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது, யாரிடமும் கேட்கக் கூடாது. வீட்டில் அந்த வார்த்தையை வாய்விட்டுத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பழக வேண்டும். பிறகு கூட வந்திருந்த புருஷன் பக்கம் திரும்பினாள்.

"இவங்க கேட்டா இல்லைன்னு சொல்லாதீங்க சார். தெரியல, சொல்லியிருக்கலாம்னு சொல்லுங்க."

"அடிக்க வருவாளே, டாக்டர்," என்றார் அவர்.

"வருவாங்க. வாரத்துக்கு ஒரு தடவை என்கிட்டயும் வருவாங்க, பேசிக்கலாம்."

அன்று சாயங்காலமே அவள் ஒரு பழைய பதிவைப் பற்றிக் கேட்டாள். அவர் தண்ணீரைக் குடித்துவிட்டு, பாடம் ஒப்பிப்பது போல, "தெரியல. சொல்லியிருக்கலாம்," என்றார்.

"என்னது?"

"சொல்லியிருக்கலாம்னேன்."

"இத்தனை வருஷம் உங்களுக்குப் பொங்கிப் போட்டதுக்கு வாயில இருந்து ஒரு நல்ல வார்த்தை வருதா பாருங்க."

"நானா சொல்றேன்? டாக்டர் சொல்லச் சொன்னாங்க."

"அந்தம்மா மூக்கையே அந்தம்மாவால சரி பண்ண முடியல."

அவர் பாவம், ஒரு வாரம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. வாயால் "தெரியல" என்று சொல்லிக்கொண்டே, கண்ணால் இல்லை என்று ஜாடை காட்ட ஆரம்பித்தார். அவளும் ஜாடையை வாங்கிக்கொண்டு நிம்மதியாகப் போய்விடுவாள். ஒருநாள் மகள் பார்த்துவிட்டாள்.

"அப்பா கள்ளாட்டம் ஆடுறார்."

"எங்கடி ஆடினேன்?"

"கண்ணடிச்சீங்க. நான் பாத்தேன். அம்மா, நீயும் கூட்டு. ரெண்டு பேரும் சேர்ந்து டாக்டரை ஏமாத்தி என்ன கிடைக்கப் போகுது?"

இரண்டு பேரும் திருட்டு முழி முழித்தார்கள். அதற்குப் பிறகு அவர் பதில் சொல்லும்போது மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சுவரைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று மகள் சட்டம் போட்டாள். அந்த நாட்கள் கொடுமையாக இருந்தன. பதில் கிடைக்காத கேள்வியை வைத்துக்கொண்டு அவள் கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்தாள். துணி துவைக்கும் சோப்பைத் தூக்கி எறிந்தாள். நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டு, உச்சிக்குப் போய், பிறகு மெல்ல அடங்கும். அடங்கும் என்று தெரிந்துகொள்வதற்கே பல நாள் ஆயிற்று. அடுத்த முறை அந்த அனுபவம் உதவிக்கு வராது. மறுபடி முதலிலிருந்து.

வார்த்தையைச் சொல்லிப் பழகுவது அதைவிட மோசம். முதல் தடவை குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்துக்குள் முணுமுணுத்தாள். மகள் குழாயை மூடினாள். புருஷன் ஜன்னலை மூடப் போனார். அதையும் திறக்கச் சொன்னாள் மகள். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். பாத்திரம் தேய்த்துக்கொண்டு சொன்னாள், துணி மடித்துக்கொண்டு சொன்னாள். நாள் போகப் போக அந்த வார்த்தை தேய்ந்து, மஞ்சள், கத்தரிக்கோல் மாதிரி வெறும் ஓசையாகிவிட்டது. புருஷன்தான் ஒருநாள் கடையில் வில்லை உடைந்தபோது அதை வாய்தவறிச் சொல்லிவிட்டு, வாடிக்கையாளரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வந்தார்.

அப்பாடா என்று உட்கார்ந்த வேளையில் இன்னொன்று வந்தது. மைக்கில், ‘எல்லோரும் தண்டவாளத்தில் இறங்கி நடங்கள்’ என்று சொல்லிவிட்டால்?

இது அந்த வார்த்தையைப் போல அசிங்கமில்லை, பயங்கரம். ஜனங்கள் அவள் குரலை நம்புகிறவர்கள். சொன்னால் இறங்கினாலும் இறங்குவார்கள். அவளுக்கு முதலில் பயம் வந்தது, பின்னாலேயே ஆத்திரம் வந்தது.

"இவ்வளவு பாடுபட்டு ஒண்ணை வெளியே தள்ளினா, அடுத்தது வாசல்ல செருப்பைக் கழட்டிட்டு நிக்குது," என்றாள் டாக்டரிடம்.

"வரட்டும். உக்காரச் சொல்லி உபசரிக்காதீங்க. சண்டையும் போடாதீங்க. நீங்க பாட்டுக்கு உங்க வேலையைப் பாருங்க."

"சொல்றது சுலபம்."

"ஆமா, செய்யறது சுலபமில்லதான்," என்றாள் டாக்டர். முதல் முறையாக அவளுக்கு அந்தப் பெண்ணைப் பிடித்தது.

ஒருவழியாக வேலைக்குத் திரும்பினாள். கைபேசியில் பதிவு செய்யும் வசதியை மகள் எடுத்தே விட்டாள். விளக்கை உற்றுப் பார்க்கக் கூடாது என்பதால் பொத்தானைத் தட்டியதும் தலையைத் திருப்பிக்கொள்ளப் பழகினாள். விசாரணைக்காரியைக் கூப்பிடத் துடிக்கும் கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒவ்வொரு அறிவிப்புக்கும் வியர்த்துக் கொட்டியது. ஆனால் வண்டிகள் வந்தன, போயின, யாரும் தண்டவாளத்தில் இறங்கவில்லை.

இதற்கிடையில் புருஷனுக்கு ஒரு புதுப் பழக்கம் வந்திருந்தது. பதில் சொல்லக் கூடாது என்றுதானே டாக்டர் சொன்னாள், கேள்வி கேட்கக் கூடாது என்று சொல்லவில்லையே. கடையிலிருந்து மணிக்கொரு தரம் கூப்பிட்டு, எப்படி இருக்கே, மாத்திரை போட்டியா, அந்த நினைப்பு வந்துச்சா, வந்து போயிடுச்சா என்று கேட்பார். ஒருநாள் மத்தியானம், அவள் ஒரு தாமத அறிவிப்பைச் சொல்லி முடிக்கும் நேரத்தில் கைபேசி அடித்தது. பொத்தானைத் தட்டினோம் என்று நினைத்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக் கைபேசியை எடுத்தாள்.

"மாத்திரை போட்டியா?"

"ஏங்க, காலையில கேட்டீங்க, போட்டேன்னு சொன்னேன். சாப்பிடும்போது கேட்டீங்க, போட்டேன்னு சொன்னேன். இப்போ மறுபடி கேட்டா அதே மாத்திரை திரும்ப உள்ள போகுமா? கேட்டதையே கேட்டுக் கேட்டு மனுஷியை ஏன் இப்படி வதைக்கிறீங்க? நிம்மதியா ரெண்டு வண்டியை அனுப்ப விட மாட்டீங்களா?"

தன் குரலே வெளியே நான்கு நடைமேடைகளிலும் அதிர்ந்து திரும்பி வருவது அவளுக்கு அப்போதுதான் கேட்டது. கண்ணாடி வழியாகப் பார்த்தாள். நடைமேடையில் இருந்தவர்கள் எல்லோரும் நிமிர்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிவப்பு விளக்கு பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது.

பொத்தானை அடித்து அணைத்தாள். உள் தொலைபேசி அடித்தது, நிலைய அதிகாரி.

"அணைச்சிட்டீங்களா?"

"அணைச்சிட்டேன் சார். மன்னிச்சிடுங்க சார்."

"இனிமே கவனமா இருங்க. பயணிங்க சிரிச்சிட்டாங்க, இதோட விடுறேன்." கொஞ்சம் நிறுத்தி, "வீட்டுக்காரரை நான் விசாரிச்சதா சொல்லுங்க," என்றார்.

அவமானத்தில் முகம் எரிந்தது. அது தணிவதற்குள்ளேயே மற்றது வந்துவிட்டது. கோபத்தில் வேறு என்ன சொன்னேன்? நடுவில் அந்த வார்த்தையைச் சொன்னேனா? தண்டவாளத்தைப் பற்றி ஏதாவது? இத்தனை நாளும் அணைந்த மைக்கைச் சந்தேகப்பட்டாள். இப்போது நிஜமாகவே திறந்திருந்தது. இந்தத் தடவை கேட்பதில் நியாயம் இருக்கிறது, டாக்டரே ஒத்துக்கொள்வாள் என்று மனசு வாதாடியது. கை தொலைபேசிக்குப் போனது. போன கையை இழுத்துக்கொண்டாள். மறுபடி போனது. என்ன எழவு இது, விடவே விடாதா என்று அவளுக்குத் தன் மேலேயே சலிப்பாக வந்தது. அந்தச் சலிப்பு பயத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தது.

சிக்னல் அறையிலிருந்து அடுத்த தகவல் வந்தது. அவள் பொத்தானைத் தட்டினாள். கீழே சில பேர் எதிர்பார்ப்போடு நிமிர்ந்து பார்த்தார்கள். கணீரென்று சொல்ல வேண்டியதைச் சொன்னாள். குரல் இரண்டு இடத்தில் நடுங்கியது.

வேலை முடிந்து இறங்கும்போது விசாரணைக்காரி வழியை மறித்தாள்.

"மைக்கக்கா, மத்தியானம் நீங்க என்னவெல்லாம் சொன்னீங்க தெரியுமா?"

"சொல்லாதே."

"இல்ல, ஒரு இடத்துல நீங்க—"

"வேண்டாம்டி. கேட்க மாட்டேன்."

"இத்தனை நாள் நான் கெஞ்சியும் விடாம கேட்டீங்க. இன்னைக்கு நானே சொல்ல வர்றேன், வேண்டாங்கிறீங்க. உங்களோட மாரடிக்க முடியல."

அவள் காதைப் பொத்தாமல், ஓடாமல், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தாள். என்ன சொன்னாள் என்பது அவளுக்குக் கடைசிவரை தெரியாது. அன்று இரவெல்லாம் அது அரித்தது. அந்த வாரமும் அரித்தது. பிறகு மற்ற விஷயங்களின் நெரிசலில் எங்கோ பின்னால் போய்விட்டது.

முழுக்கக் குணமாகிவிட்டது என்று சொல்ல முடியாது. மாத்திரை தொடர்ந்தது. சில நாள் எண்ணம் வந்த சுவடே தெரியாது. சில நாள் காலையிலிருந்து காதுக்குள் உட்கார்ந்து தொணதொணக்கும். இரண்டு தடவை தோற்றுப்போய் விசாரணைக்காரியைக் கூப்பிட்டாள். "தெரியல, சொல்லியிருக்கலாம்," என்றாள் அவள். அப்படிச் சொல்லச் சொல்லி வைத்தது மகளுடைய வேலை.

மைக் திறந்திருந்த அன்று சாயங்காலம் புருஷன் ஸ்கூட்டரோடு நிலைய வாசலில் நின்றுகொண்டிருந்தார். முகம் தொங்கியிருந்தது.

"கண்ணாடி போட வந்த ஒருத்தர் ரயிலுக்குப் போயிருந்தாராம். நான் 'தெளிவா இருக்கா'ன்னு கேட்டதும், 'கேட்டதையே கேட்டு வதைக்காதீங்க'ன்னார். கடையே சிரிச்சுது."

"தப்பு யார் மேல?"

"என் மேலதான். இனிமே கேக்க மாட்டேன்."

"கேளுங்க. ஆனா ஒரு தடவை கேளுங்க."

"சரி," என்று வண்டியைக் கிளப்பினார். கொஞ்ச தூரம் போனதும் தயங்கித் தயங்கி, "ஒரு தடவைன்னா, ஒரு நாளைக்கா, ஒரு வேளைக்கா?" என்றார்.

பின்னால் உட்கார்ந்திருந்த அவள், அவர் முதுகில் நெற்றியால் ஒரு முட்டு முட்டினாள். ரோட்டைப் பார்த்து ஓட்டச் சொன்னாள்.